எம்ஏஎல் என்று தொடங்கும் கார்: டர்பனில் ஹூண்டாய் ஐ10, கிராண்ட் ஐ10, அட்டோஸ் வாங்குமுன்

டர்பன் பக்கத்தில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டொங்காட்டிலோ ஒரு ஹூண்டாய் ஐ10 நின்றுகொண்டிருந்தால், அதன் முன்கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் வில்லையைக் குனிந்து பாருங்கள். அதில் சேசிஸ் எண் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் அது எம்ஏஎல் என்ற மூன்று எழுத்துகளில்தான் தொடங்கும். ஹூண்டாயின் இந்தியத் தொழிற்சாலைக்கு உரிய அடையாளம் அது. காஞ்சிபுரம் மாவட்டம், ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. எண் கேஎம்எச் என்று தொடங்கினால் அந்த ஹூண்டாய் கொரியாவிலேயே செய்தது. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் 342 பேரை மதராஸிலிருந்து ஏற்றிவந்து இறக்கிய அதே டர்பன் துறைமுகத்தில்தான் இந்தக் கார்களும் வந்து இறங்குகின்றன. பேர் கொரியப் பேர், ஆனால் வண்டியைப் பூட்டியது தமிழ்நாட்டுக் கைகள். அந்தப் பாசம் நியாயமானது. ஆனாலும் பாசத்தை வைத்துக் கார் வாங்கக் கூடாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த காசில் இரண்டாம் கை கார் ஒன்று வேண்டும், காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்ப வேண்டும், பாகம் எங்கேயும் கிடைக்க வேண்டும் என்றால் 1.2 அல்லது 1.25 லிட்டர் கப்பா வகை எஞ்சினும் மேனுவல் கியரும் உள்ள கிராண்ட் ஐ10 நல்ல தேர்வு. அட்டோஸ் நகரத்துக்குள் ஓடுகிறவர்களுக்கு. பழைய 1.1 ஐ10 வாங்கலாம், டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கண்ணால் பார்த்தால் மட்டும். மோதலில் ஆளைக் காப்பதில் இந்த வரிசை பின்தங்கியது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இந்தக் கம்பெனியின் கதை தெரிந்தால் காரின் குணமும் புரியும். சுங் ஜு-யுங் 1967இல் ஹூண்டாய் மோட்டாரைத் தொடங்கினார். முதலில் செய்தது சொந்தக் கார் இல்லை, உல்சான் நகரத்தில் ஃபோர்டு கார்ட்டினாவைப் பூட்டித் தரும் வேலை. சொந்தக் கார் போனி. 1974இல் டூரின் கண்காட்சியில் காட்டினார்கள். உடல் வடிவம் இத்தாலிக்காரர் ஜியுஜியாரோ கொடுத்தது, எஞ்சின் மிட்சுபிஷி வழியில் வந்தது. 1986இல் அமெரிக்காவுக்கு எக்செல் போனது. 4,995 டாலர் விலைக்கு முதல் வருடமே 1,68,882 கார்கள் விற்றன. விற்ற வேகத்திலேயே பேரும் கெட்டது: துரு, உதிரும் பிளாஸ்டிக், பழுது. விலை மலிவு என்றால் தரமும் மலிவு என்ற பேச்சு ஹூண்டாய்க்கு அப்போது ஒட்டியதுதான். அதைக் கழுவ 1998இல் அமெரிக்காவில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருட வாரண்டி அறிவித்தார்கள். வாரண்டி நீண்டால் பழுதுச் செலவு கம்பெனியின் தலையில்தான் விழும், அதனால் பாகங்களைத் திருத்தியே ஆக வேண்டும். இன்று தென்னாப்பிரிக்காவில் புது ஹூண்டாயுடன் தரும் 7 வருடம் அல்லது 2,00,000 கி.மீ. வாரண்டிக்கும் வேர் அதே எண்ணம்தான். அதில் முதல் 5 வருடமோ 1,50,000 கி.மீ.யோ முழுக் காருக்கு. மிச்சம் எஞ்சின், கியர்பாக்ஸ் போன்ற ஓட்டும் பாகங்களுக்கு மட்டும். இரண்டாம் கையில் வாங்கும்போது "இன்னும் வாரண்டி இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால், எந்த வாரண்டி என்று கேளுங்கள்.

இந்தியாவில் 1996இல் கம்பெனியைப் பதிந்து, 1998 செப்டம்பரில் சான்ட்ரோவை இறக்கினார்கள். அந்த உயரமான சின்னப் பெட்டிதான் இங்கே அட்டோஸ் பிரைம் என்ற பெயரில் ஓடியது. 2007 கடைசியில் ஐ10 வந்தது. உலகத்துக்கே அந்தக் காரைச் செய்து அனுப்பும் இடமாகச் சென்னை ஆனது. பிறகு 2013இல் கிராண்ட் ஐ10. இங்கே இப்போது கிராண்ட் ஐ10 என்று விற்பது 2019இல் இந்தியாவில் நியோஸ் என்ற பெயரில் வந்த தலைமுறை. புது அட்டோஸும் இந்தியாவின் 2018 சான்ட்ரோவும் ஒரே வண்டி.

தென்னாப்பிரிக்காவுக்குள் ஹூண்டாய் வந்த வழி வேறு. 1990களில் பக்கத்து நாடான போட்ஸ்வானாவின் காபரோனில் ஓர் ஆலை எழுப்பி, எலான்ட்ரா, சொனாட்டா, ஆக்சென்ட் கார்களைப் பூட்டி இங்கே அனுப்பினார்கள். ஐந்து நாட்டுச் சுங்க ஒன்றியத்துக்குள் போட்ஸ்வானாவும் இருப்பதால் எல்லையில் வரி இல்லை. 2000 தொடக்கத்தில் அந்த ஆலை மூடப்பட்டது. அப்போது ஹூண்டாய் வைத்திருந்தவர்கள் பாகத்துக்கு அலைந்த அலைச்சலை மூத்தவர்கள் இன்னமும் சொல்வார்கள். அதன்பிறகு இறக்குமதி வேறொரு பெரிய குழுமத்தின் கைக்குப் போனது. அதன் மோட்டார்ப் பிரிவு 2018 நவம்பரில் மோட்டஸ் என்று தனியாகப் பிரிந்தது. இன்று பாகப் பஞ்சம் இல்லை. கம்பெனிப் பாகமும் உண்டு, தெருமுனைக் கடையில் பைரேட் பார்ட்ஸ் என்று சொல்லும் வெளிக் கம்பெனிப் பாகமும் உண்டு.

இனி எஞ்சின். ஹூண்டாய் சிறிய கார்களில் மூன்று எஞ்சின்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது 1.1 லிட்டர் எப்சிலான், 1,086 சிசி, நான்கு சிலிண்டர். பழைய அட்டோஸ் பிரைமிலும் ஐ10 1.1இலும் அதுதான், புது அட்டோஸிலும் அதன் வாரிசுதான். புது அட்டோஸில் 50 கிலோவாட், 99 நியூட்டன் மீட்டர். எளிய எஞ்சின், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியது. ஒரே பெரிய ஆபத்து டைமிங் பெல்ட். ரப்பர் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி வளையும். அதோடு சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வேலை வந்துவிடும். பழைய 1.1 காரின் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு கட்டாது. சர்வீஸ் புத்தகம் போட்டிருக்கும் கி.மீ. கணக்கு ஒரு பக்கம், வருடக் கணக்கு இன்னொரு பக்கம். கோவிலுக்கும் கடைக்கும் மட்டும் போகிற வண்டி பத்து வருடத்தில் 50,000 கி.மீ. கூட ஓடியிருக்காது, ஆனால் ரப்பருக்கு வயது ஏறியிருக்கும். "குறைவாக ஓடிய வண்டி" என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும் வண்டியில்தான் பெல்ட் முதலில் போகும். பெல்ட் வாங்கும்போது டென்ஷனரையும் சேர்த்து வாங்குங்கள். மூடியைத் திறந்த கையோடு, கேம் ஷாஃப்ட் ஓரத்திலும் கிராங்க் ஷாஃப்ட் ஓரத்திலும் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, தண்ணீர் பம்ப்பின் கப்பியை ஆட்டினால் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் பட்ட பெல்ட் புதிதாக இருந்தாலும் சீக்கிரம் போய்விடும்.

இரண்டாவது 1.2, 1.25 லிட்டர் கப்பா. இதில் பெல்ட் கிடையாது, சங்கிலி. குறித்த தூரத்தில் மாற்ற வேண்டிய பாகம் இல்லை. ஆனால் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. 15,000 கி.மீ.க்கு ஒரு முறை என்ற எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வண்டியில், காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வரும். அதைக் கேட்டால் விலை பேசாமல் நகர்ந்துவிடுங்கள். எண்ணெய் 5டபிள்யூ-30. 1.1 எஞ்சினுக்குச் சுமார் 3 லிட்டர், 1.25க்குச் சுமார் 3.6 லிட்டர் ஃபில்ட்டரோடு சேர்த்துப் பிடிக்கும். 5 லிட்டர் டின்னை முழுதாக ஊற்றியதாகப் பில் போட்டால் கேள்வி கேளுங்கள்.

மூன்றாவது 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் கப்பா. இதுவும் சங்கிலி. ஐட்லிங்கில் கொஞ்சம் நடுங்கும், அது அதன் பிறவிக்குணம். ரோபோட்டில் (சிக்னல் விளக்கில்) நிற்கும்போது ஸ்டீயரிங் அதிர்கிறது என்று கிளச், மவுண்ட் எல்லாம் மாற்றிக் காசைத் தொலைக்க வேண்டாம். அதே நடுக்கம் திடீரென்று கூடியிருந்தால் மட்டும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா, ஓர் இக்னிஷன் காயில் போய் இரண்டு சிலிண்டரில் ஓடுகிறதா, எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். மலிவிலிருந்து விலை கூடியதற்குப் போகும் வரிசை இது.

அமெரிக்காவில் ஹூண்டாய் எஞ்சின் உடைந்து லட்சக்கணக்கில் திரும்ப அழைத்தார்களே என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. அது தீட்டா 2 என்னும் 2.0, 2.4 லிட்டர் பெரிய எஞ்சின் விவகாரம். கிராங்க் ஷாஃப்ட்டைக் கடையும்போது விழுந்த உலோகத் துகள் எண்ணெய் வழியை அடைத்து பேரிங்கைத் தின்றது. 2015இல் அங்கே முதல் திரும்ப அழைப்பு. ஐ10க்கும் அட்டோஸுக்கும் அதில் பங்கு இல்லை.

கியர்பாக்ஸில் மேனுவல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிளச் தேயும், ரிலீஸ் பேரிங் கத்தும், மாற்றினால் முடிந்தது. நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பழைய பாணி, ஆனால் உறுதி. பெட்ரோல் கொஞ்சம் கூடத் தின்னும். அதன் எண்ணெய் எஸ்பி-3 வகை. கருகிய வாசனை அடித்தால் வண்டியை வேண்டாம் என்றுவிடுங்கள். அட்டோஸில் வரும் ஏஎம்டியைத்தான் மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது ஆட்டோமேட்டிக் இல்லை. உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே கிளச். கால் செய்கிற வேலையை ஒரு மோட்டார் செய்கிறது, அவ்வளவுதான். சாட்ஸ்வொர்த்தின் மேட்டில் ரோபோட்டில் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்து வைக்கிற பழக்கம் இருந்தால், கிளச் தட்டு வெந்துவிடும். பிரேக்கைப் பிடியுங்கள், விளக்கு மாறிய பிறகு விடுங்கள். கிளச் மாற்றிய பிறகு கணினியில் அதன் பிடிப்புப் புள்ளியைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாத பட்டறையில் ஏஎம்டியைத் திறக்க விடாதீர்கள்.

ஐ10 வகையில் எல்லாரையும் அலைக்கழிக்கிற ஒரு சத்தம் உண்டு, அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நின்ற நிலையில், எஞ்சின் ஓட, ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலத்துக்கு இடமும் வலமும் வேகமாக ஆட்டினால் டக் டக் என்று கேட்கும். சத்தம் சக்கரத்துப் பக்கம் இல்லை, உங்கள் முழங்காலுக்கு மேலிருந்து வரும். பலர் ஸ்டீயரிங் ராக்கை மாற்றிவிடுகிறார்கள், சத்தம் அப்படியே இருக்கும். காரணம் இதுதான்: இந்தக் கார்களில் பவர் ஸ்டீயரிங் மின்சாரத்தில் ஓடுகிறது, அதன் மோட்டார் ஸ்டீயரிங் தண்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மோட்டாருக்கும் அதன் திருகுப் பல்லுக்கும் நடுவே நட்சத்திர வடிவில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் துண்டு உண்டு. வருடம் ஏற ஏற அது சுருங்கும், பொடியாகும், கால்களுக்கு இடையே இடைவெளி விழும். சத்தம் அங்கேதான்.

மாற்றுவது இப்படி. சக்கரங்களை நேராக வைத்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, ஏர்பேக் சுற்றில் மிச்ச மின்சாரம் வடியச் சில நிமிடம் விட வேண்டும். தண்டு கீழே ராக்கோடு சேரும் இடத்தில் பழைய நிலைக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்டீயரிங் சுற்றாமல் பெல்ட்டால் கட்டிவிட வேண்டும். சுற்றினால் ஏர்பேக்கின் சுருள் கம்பி அறுந்துவிடும். தண்டை இறக்கி, மோட்டாரின் போல்ட்டுகளைக் கழற்றினால் பழைய ரப்பர் கருப்பு மாவுபோல உதிரும். அதைத் துடைத்து எடுத்துவிட்டு, புதிய ரப்பரைக் கொஞ்சம் கிரீஸோடு வைத்து, அதே கோட்டில் திரும்பப் பூட்ட வேண்டும். கை பழகியவருக்கு இரண்டு மூன்று மணி நேர வேலை. ரப்பரின் விலை கூலியைவிடக் குறைவு. பட்டறைக்காரர் முழு ஸ்டீயரிங் தண்டையும் மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு கொடுத்தால், முதலில் இந்த ரப்பரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்ஷும் ஸ்டெபிலைசர் லிங்க்கும் வேகத்தடைகளுக்குப் பலியாகும் பாகங்கள். 20 கி.மீ. வேகத்தில் வேகத்தடையை ஏறி இறங்குங்கள், கண்ணாடியை இறக்கி வைத்துக் கேளுங்கள். லிங்க் போயிருந்தால் கலகலவென்று காலி டப்பா சத்தம் வரும், புஷ் போயிருந்தால் ஒரே ஒரு கனத்த தட்டு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல வட்டமடித்தால் கடக் கடக் என்று வருவது சிவி ஜாயிண்ட், அதாவது முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு. வேகம் கூடக்கூட முனகல் கூடுவது வீல் பேரிங். கதவுக் கைப்பிடி உடைவது, ஹெட்லைட் மங்கலாவது எல்லாம் அற்ப விஷயம், விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஓடி ஓடிச் சூடானதும் எஞ்சின் திடீரென்று நின்றுபோய், அரை மணி கழித்து ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பினால், பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகிக்குமுன் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். சூட்டில் அதன் உள்கம்பி விலகும், ஆறினால் சேரும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியும் தையல் ஓரத்தில் வெடிக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ சுண்ணாம்புக் கோடு காய்ந்து தெரிந்தால் அங்கேதான் கசிவு. ஏசியைப் போட்டதும் முன் விசிறி சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சுற்றாவிட்டால் ஜனவரி வெயிலில் ட்ராஃபிக்கில் நிற்கும்போது எஞ்சின் வெந்துவிடும், இந்த அலுமினியம் ஹெட் அதைத் தாங்காது.

டர்பனுக்கே உரிய விஷயங்கள் இரண்டு. ஒன்று உப்புக்காற்று. பிளஃப், இசிப்பிங்கோ பீச், உம்லாங்கா பக்கம் தெருவில் நின்ற வண்டியின் மேல் பெயிண்ட் பளபளக்கும், கீழே பார்த்தால் கதை வேறு. வண்டியைத் தூக்கி, முன் சப்ஃபிரேம், பின் அச்சு, பிரேக் பைப், சைலன்சரின் நடுப்பகுதி நான்கையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். மேல்துரு பொடி மட்டும் உதிர்ந்தால் பரவாயில்லை, முனை உள்ளே இறங்கினால் வேண்டாம்.

இரண்டாவது வெள்ளம். 2022 ஏப்ரலில் குவாசுலு-நட்டாலை மூழ்கடித்த வெள்ளத்தில் தண்ணீருக்குள் நின்ற வண்டிகள் பலவற்றைக் கழுவித் துடைத்து மறுபடி விற்றார்கள். கம்பளத்தை ஷாம்பு போட்டுக் கழுவலாம், சீட் பெல்ட்டை யாரும் முழுக்கக் கழுவுவதில்லை. பெல்ட்டை முடிந்தவரை வெளியே இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு தெரியும். சீட்டின் கீழே தரையில் பூட்டிய போல்ட்டுகள் துருப்பிடித்து, பக்கத்துப் போல்ட்டுகள் பளபளத்தால் அதுவும் சாட்சி. ஸ்பேர் டயர் குழியின் அடியைக் கையால் தடவுங்கள், மணல் ஒட்டும். வெள்ளக் கார் எஞ்சினில் சாவதில்லை. ஆறு மாதம் கழித்து வயரிங் கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்து, ஒரு நாள் ஜன்னல், ஒரு நாள் ஏர்பேக் விளக்கு, ஒரு நாள் ஸ்டார்ட் என்று ஒவ்வொன்றாகச் சாகும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது முதல் வேலை பானட்டில் கை வைப்பது. சூடாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார். குளிர்ந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நாளைக்குப் போங்கள். சங்கிலிச் சத்தம், புகை, ஐட்லிங் தடுமாற்றம் எல்லாம் குளிர்ந்த எஞ்சினில்தான் வாய் திறக்கும்.

மலைப்பாதையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். டர்பன் கடல் மட்டத்தில், ஜோஹானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில். டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். அட்டோஸின் 50 கிலோவாட் அங்கே 41 ஆகிவிடும். ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை என்று என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மரிட்ஸ்பர்க்கின் டவுன் ஹில் என்ற மேட்டில் ஏறும்போதே மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டிவரும். பிறகு வான் ரீனன் கணவாய் இருக்கிறது. பழுது என்று பயப்பட வேண்டாம், இடப்பக்கத் தடத்தில் லாரிகளோடு பொறுமையாக ஏறுங்கள். 35 லிட்டர் டாங்க் 570 கி.மீ. பயணத்துக்குப் போதாது, ஹாரிஸ்மித்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். மாதாமாதம் ஜோஹானஸ்பர்க் போகிற குடும்பத்துக்கு அட்டோஸ் தகுந்த கார் இல்லை. நகரத்தில் 100 கி.மீ.க்கு 6.5 முதல் 7.5 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், விளம்பரத்தில் வரும் எண் கைக்கு வராது.

பாதுகாப்பு. கார்களை மோதவிட்டு நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் அமைப்பு 2014 ஜனவரியில் வெளியிட்ட இந்திய மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஐ10 பூஜ்யம் நட்சத்திரம் வாங்கியது. 2019இல் சான்ட்ரோ இரண்டு நட்சத்திரம். 2020இல் இரண்டு ஏர்பேக் வைத்த கிராண்ட் ஐ10 நியோஸும் இரண்டுதான். இந்த இரண்டிலும் உடற்கூடு நிலையற்றது என்று எழுதினார்கள். அதாவது மோதலில் ஆள் உட்கார்ந்திருக்கும் கூண்டே இன்னும் அழுத்தம் வந்தால் தாங்காது. ஏர்பேக் எண்ணிக்கை இந்தக் குறையைச் சரிசெய்யாது. இதைத் தெரிந்துகொண்டு வாங்குகிறவர் செய்யக்கூடியவை சில உண்டு: ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத பழைய மாடலைத் தொடாதீர்கள், டயருக்கு மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள், பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள். மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்குக் குழந்தை இருக்கை 2015 ஏப்ரல் 30 முதல் இந்நாட்டில் சட்டம். பாட்டி மடியில் வைத்துக்கொள்வது பாசம்தான், ஆனால் 60 கி.மீ. வேக மோதலில் எந்தக் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது.

காகித வேலையில் டீலரிடம் வாங்குவதற்கும் தனி ஆளிடம் வாங்குவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு ஆறு மாதம் உங்கள் பக்கம் நிற்கும்: குறை இருந்தால் பழுதுபார்த்துத் தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். தனி ஆள் ஃபூட்ஸ்டூட்ஸ், அதாவது இருக்கிற நிலையிலேயே, என்று எழுதி விற்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பதிவுச் சான்றில் கோட் 2 என்று இருந்தால் சாதாரண இரண்டாம் கை, கோட் 3 என்றால் ஒரு முறை நொறுங்கித் திரும்பக் கட்டியது. கோட் 3 வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கிடைப்பதும் கஷ்டம், பிறகு விற்பதும் கஷ்டம். பெயர் மாற்ற, வண்டி சாலையில் ஓடத் தகுதி என்று காட்டும் ரோட்வொர்த்தி சான்று கட்டாயம். அதை விற்பவர் ஏற்கெனவே வைத்திருந்தாலும், நீங்கள் தேர்ந்த இடத்தில் ஒரு முறை பாருங்கள்.

வாரண்டி காலத்தில் வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்ற பயமுறுத்தல் இப்போது செல்லாது. 2021 ஜூலை 1 முதல் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டறையின் வேலையாலோ அது போட்ட பாகத்தாலோ கெட்டது என்று தெரிந்தால், அந்தக் கோரிக்கை மட்டும் நிற்காது. அதனால் எண்ணெய் வகை, ஃபில்ட்டர், கி.மீ. மூன்றும் எழுதிய ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள். விற்கும்போது அந்தக் கவர்தான் விலையைத் தூக்கும். பைரேட் பார்ட்ஸில் பிரேக் பேட், வைப்பர், ஏர் ஃபில்ட்டர் தாராளமாக வாங்கலாம். டைமிங் பெல்ட் செட், கிராங்க் சென்சார், தெர்மோஸ்டாட் மூன்றையும் கம்பெனிப் பாகமாகவே போடுங்கள்.

கியா பிக்கான்டோவைச் சேர்த்துக் கேட்பவர்கள் உண்டு. கியா 1997இல் திவாலாகி, 1998இல் ஹூண்டாய் கைக்கு வந்தது. எஞ்சின் குடும்பம் ஒன்றுதான், 1.1 பெல்ட், கப்பா சங்கிலி என்ற கணக்கும் ஒன்றுதான். பிக்கான்டோ கொரியாவிலிருந்து வருகிறது. உள்வேலைப்பாடு ஒரு படி மேல், பின்சீட்டு ஒரு படி குறைவு. மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் அதற்கும் பொருந்தும்.

கிளேர்வுட் காய்கறிச் சந்தைக்கு விடியலில் போகிறவர்களுக்கு ஹூண்டாய் என்றாலே எச்100 பக்கி என்ற சின்ன லாரிதான். சுமார் 1.3 டன் ஏற்றலாம். 2.6 லிட்டர் டீசல், டர்போ கிடையாது, 58 கிலோவாட். மெதுவாகப் போகும், ஆனால் போய்க்கொண்டே இருக்கும். மிட்சுபிஷி வழியில் வந்த இந்த எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் ஒன்று, பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட் இன்னொன்று. சின்ன பெல்ட்டை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் மாற்றினால், சின்னது அறுந்து பெரியதில் சிக்கி இரண்டும் போகும். எஞ்சின் சீட்டுக்குக் கீழே இருப்பதால் தண்ணீர்க் கசிவு கண்ணில் படாது. ஹெட் ஒரு முறை சூடேறினால் வெடிப்பு விடும். வாரத்துக்கு ஒரு நாள், எஞ்சின் ஆறியிருக்கும்போது, சீட்டைத் தூக்கித் தண்ணீரைப் பாருங்கள்.

புது வண்டிக்குப் பூஜை போடும்போது பானட்டில் வைக்கிற மஞ்சளையும் குங்குமத்தையும் அன்று மாலைக்குள் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். டர்பன் வெயிலில் இரண்டு நாள் விட்டால் வெள்ளை பெயிண்ட்டில் கறை ஊறிவிடும், பாலிஷ் போட்டாலும் முழுக்கப் போகாது. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்குவதால் ஒன்றும் ஆகாது.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது: எண்ணெயும் ஃபில்ட்டரும் மாற்றுங்கள், பழைய சர்வீஸ் புத்தகம் என்ன சொன்னாலும் சரி. பிரேக் எண்ணெய் தேநீர் நிறத்தில் இருந்தால் அதையும் மாற்றுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் வடித்து, கூலன்ட் நிரப்புங்கள். திருட்டைத் தடுக்கும் கியர்லாக் இல்லாவிட்டால் போடுங்கள். சாவிகளை எண்ணுங்கள். இரண்டு இருக்க வேண்டும், சாவிக் குறியீடு அடித்த உலோகச் சீட்டும் இருக்க வேண்டும். ஒரே சாவிதான் என்றால், இரண்டாவது சாவி வெட்டி இம்மொபிலைசரில் பதிவு செய்ய ஆகும் செலவை விசாரித்து, அதை விலையிலிருந்து கழித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.